ஆறு நகர்ந்தபோது நிலமற்றவர்கள் எங்கே போனார்கள்?

ஆறு தன் தடத்தை மாற்றிக்கொள்வது இயற்கை என்று பாடநூலில் படித்திருப்போம். சரிதான். ஆனால் அந்த மாற்றத்தில் யார் எதை இழந்தார்கள் என்பதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. பீகாரின் கோசி ஆற்றைப் பாருங்கள்.

கோசி இமயமலையிலிருந்து ஏராளமான மணலையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு சமவெளிக்கு இறங்குகிறது. அங்கே வேகம் குறைவதால் வண்டல் படுகையிலேயே படிகிறது. படுகை மேடானதும் ஆறு பக்கத்துப் பள்ளத்தைத் தேடி ஓடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பூர்ணியாவுக்கு அருகே ஓடிய ஆறு, சுமார் 200 ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்தது.

1950களில் இருபுறமும் கரை எழுப்பத் தொடங்கினார்கள். பரவ வழியில்லாத வண்டல் கரைகளுக்கு நடுவே தங்கியது; படுகை வெளியிலுள்ள வயல்களைவிட உயர்ந்தது. 300க்கும் மேற்பட்ட கிராமங்கள் கரைகளுக்கு உள்ளேயே சிக்கிக்கொண்டன.

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. விநாடிக்கு 9.5 லட்சம் கன அடி நீரைத் தாங்க வடிவமைத்த கரை அது. அன்று வந்த நீர் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு கிழக்கே தன் பழைய தடங்களில் பாய்ந்தது. பீகாரில் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். உடைந்தது பராமரிக்கப்படாத கரை. பழி மட்டும் ஆற்றின் மேல்.

இந்தப் பகுதியின் முசகர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் கூலிகள். வயலை ஆறு விழுங்கினால் நிலக்காரர் கையில் ஆவணம் இருக்கிறது. இழப்பீடு கேட்கலாம், ஆறு விலகியதும் நிலத்தை உரிமை கோரலாம். அதே வயலில் தலைமுறைகளாக நாற்று நட்டவர் இழந்தது கூலியையும் குடிசையையும். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை. பஞ்சாபுக்கோ டெல்லிக்கோ ரயிலேறுவதுதான் மிச்சம். 2008 நிவாரணத்திலும் சாதிப் பாகுபாடு இருந்ததைத் தலித் அமைப்புகள் பதிவு செய்தன.

கோசியின் நகர்வைப் பழைய நில அளவை வரைபடங்களை ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். கம்பெனி ஆட்சி அவற்றை வரைந்தது வரிக்காகவும் படைக்காகவும். அவற்றில் ஆறு உண்டு, ஊர் உண்டு. நிலமற்றவரின் குடிசை கிடையாது.

வெள்ளத்தின் வரலாற்றைப் படிக்கும் தோழர்களே, எத்தனை ஏக்கர் மூழ்கியது என்ற கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அவரைத் தேடிப் போய்க் கேட்டுப் பதிவு செய்வது நம் வேலை.