காருக்கு எந்த ஊர்? – 17 எழுத்தில் ஒரு ஜாதகம்

பேங்க்கில் வேலை பார்ப்பவனுக்குக் கார் என்றால் முதலில் கண்ணில் படுவது கலரும் மைலேஜும் இல்லை, ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பர்தான். லோன் கொடுப்பதே அதை நம்பித்தான். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு நம்பர் பிளேட் மாறலாம், சேஸிஸ் நம்பர் மாறாது. அந்த 17 எழுத்து எப்படி வந்தது என்பது ஒரு நல்ல கதை.

ஃபோர்டின் மாடல் டி காலத்தில் இன்ஜின் நம்பர்தான் கார் நம்பர். இன்ஜினை மாற்றினால் அடையாளமே போச்சு! அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே காரைப் பல ஊர்களில் செய்ய ஆரம்பித்ததும் வந்தது. 1957 செவர்லே காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளின்ட், பால்டிமோர், அட்லாண்டா என்று பல தொழிற்சாலைகள். ஒவ்வொன்றும் 100001-லிருந்துதான் எண்ண ஆரம்பித்தது. அப்படியானால் அதே நம்பரில் எத்தனை கார்கள்? குழப்பம் வராமல் காப்பாற்றியது நடுவில் இருந்த ஒரே ஒரு எழுத்து. ஃப்ளின்ட் என்றால் எஃப், பால்டிமோர் என்றால் பி.

கோர் பேங்கிங் வருவதற்கு முன்னால் நம் வங்கிகளிலும் இதே கதைதானே? எஸ்.பி. 101 எல்லாக் கிளையிலும் இருக்கும். கிளைப் பெயரைச் சேர்த்தால்தான் அது யார் கணக்கு என்று தெரியும்.

ஆனால் இதெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த முறை. நீளமும் வரிசையும் ஆளுக்கு ஒரு மாதிரி. வெளியிலிருந்தே கண்ணாடி வழியாகப் படிக்கும்படி நம்பர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1969-ல் அமலுக்கு வந்தது. 1977-ல் ஐ.எஸ்.ஓ. 3779 என்ற சர்வதேசத் தரம் வந்தது. 1981 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் 17 எழுத்து கட்டாயம். ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்று ஐ, ஓ, க்யூ மூன்றுக்கும் இடமில்லை.

அமெரிக்க முறையில் அதைப் படிப்பது இப்படி:

– முதல் 3: யார் செய்தது.
– 4 முதல் 8: மாடல், பாடி, இன்ஜின் விவரம்.
– 9: சரிபார்ப்பு எழுத்து. மற்ற எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுத்து, பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி. மீதி 10 வந்தால் எக்ஸ். கிரெடிட் கார்டின் கடைசி எண் செய்யும் வேலைதான்.
– 10: மாடல் வருஷம்.
– 11: தொழிற்சாலை.
– 12 முதல் 17: வரிசை எண்.

1982 நவம்பரில் ஹோண்டா தன் அக்கார்டை அமெரிக்காவின் மேரிஸ்வில் நகரில் செய்ய ஆரம்பித்தது. ஜப்பானில் செய்த அக்கார்டு ஜே.எச்.எம். என்று தொடங்கும், மேரிஸ்வில் அக்கார்டு 1எச்.ஜி. என்று தொடங்கும். பெயர் ஒன்று, பிறந்த ஊர் வேறு. 1989-ல் பக்கத்திலேயே ஈஸ்ட் லிபர்ட்டியில் இன்னொரு தொழிற்சாலை திறந்தார்கள். அங்கே செய்த காருக்கும் அதே 1எச்.ஜி.தான். அப்போது பிரித்துக் காட்டுவது 11-வது எழுத்து: மேரிஸ்வில் ஏ, ஈஸ்ட் லிபர்ட்டி எல். இந்த எழுத்தைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்கப் பொதுவான பட்டியல் கிடையாது.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. முதல் எழுத்து டபிள்யூ என்றால் ஜெர்மனியில் செய்த கார் என்று அடித்துச் சொல்வார்கள். ஃபோக்ஸ்வேகன் டூவாரெக் டபிள்யூ.வி.ஜி. என்றுதான் தொடங்கும். செய்தது ஸ்லோவாகியாவின் பிராட்டிஸ்லாவாவில்! முதல் மூன்று எழுத்து சொல்வது கம்பெனியின் முகவரியைத்தான். பிறந்த வீடு வேறு நாட்டில்கூட இருக்கலாம்.

நம்மூர் உதாரணமும் உண்டு. ஹூண்டாய் ஐ20 2008-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. நம்பர் எம்.ஏ.எல். என்று தொடங்கும். 2010 முதல் துருக்கியிலும் செய்தார்கள், அது என்.எல்.எச். லண்டன் தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஐ20-யில் ஒன்று நம்மூர்ப் பிள்ளையாக இருக்கலாம் :)

வருஷத்துக்கு ஒரே எழுத்து என்பதால் 30 வருஷத்தில் சுற்று முடிந்துவிடும். 1980-க்கும் ஏ, 2010-க்கும் ஏ. 2008-ல் அமெரிக்கா விதியைத் திருத்தி, கார்களில் 7-வது இடம் எண்ணாக இருந்தால் பழைய சுற்று, எழுத்தாக இருந்தால் புதிய சுற்று என்று வைத்தது.

ஒரு தொழிற்சாலையில் சில வாரம் மட்டும் தப்பான பாகம் பொருத்திவிட்டார்கள் என்று வையுங்கள். இந்த நம்பர் இல்லாவிட்டால் எல்லாக் காரையும் திரும்ப அழைக்க வேண்டும், அல்லது பிரேக் பிடிக்காத கார் யாரிடமோ ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டில் தயாரித்த மாதத்தையும் பொறிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பல கம்பெனிகள் அதை சேஸிஸ் நம்பருக்குள்ளேயே வைக்கின்றன. ஆனால் எந்த இடத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அமெரிக்கப் பட்டியலை வைத்து நம்மூர்க் காரைப் படிக்காதீர்கள்.

பழைய கார் வாங்கும்போதும், வேறு மாநிலத்துக்கு மாற்ற என்.ஓ.சி. கேட்கும்போதும், ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்தையும் காரில் பொறித்திருப்பதோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். பென்சில் தேய்த்து எடுக்கும் பிரிண்ட்டை ஏஜென்டிடம் விட்டுவிடாமல் பக்கத்தில் நின்று எடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வேறு கார். கடன் மட்டும் உங்கள் பேரில் இருக்கும்.