பற்சில்லும் சங்கிலியும்

துவிச்சக்கர வண்டியின் சங்கிலி நாட்பட்டுத் தளர்ந்து, மேட்டில் ஏறும் வேளை பார்த்துப் பல்லைவிட்டு நழுவுவதை நேயர்களிற் பலர் அனுபவத்தில் அறிவர். ‘சங்கிலி இழுபட்டுப் போயிற்று’ என்பது நம்மவர் வழக்கு. ஆனால் அச்சங்கிலியைக் கழற்றி ஒவ்வொரு தகடாக அளந்து பார்த்தால், எந்தத் தகடும் நீண்டிருக்கக் காணோம். தகடுகள் நீளாதிருக்கவும் சங்கிலி மட்டும் நீண்டது எவ்வாறு? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இவ்வினாவே, பொறிகளை இயக்கும் சங்கிலியின் வரலாற்றில் நடுநாயகமான வினாவாகும். அதற்கு ஏற்ற விடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமாகிய மான்செஸ்டருக்கு அருகே கிடைத்தது. அவ்விடத்தை அடையுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

ஒரு தண்டின் சுழற்சியை மற்றொரு தண்டுக்குக் கொடுப்பதற்கு மக்கள் நெடுங்காலமாகக் கையாண்ட வழிகள் மூன்று. சில்லோடு சில்லைப் பல்லாற் கோப்பது ஒன்று. வார் பூட்டி இழுப்பது ஒன்று. சங்கிலி பூட்டுவது மற்றொன்று. பற்சில்லு நழுவாது, ஆயின் இரு தண்டுகளும் அருகருகே இருத்தல் வேண்டும். வார் தொலைவுக்கும் எட்டும்; ஆயின் சுமை மிகுந்தால் வழுக்கும். சங்கிலியோ தொலைவுக்கும் எட்டும், வழுக்கவும் மாட்டாது. இவ்வளவு நற்குணம் படைத்த சங்கிலி ஏன் மற்றிரண்டுக்கும் பிந்தியே ஆலைகளுட் புகுந்தது என்பதே வியப்பு.

பற்சில்லின் தொன்மைக்குச் சான்றாகக் கிரேக்க நாட்டு அன்றிகிதெராத் தீவின் அருகே கடலடியிற் கிடைத்த பொறியைக் குறிப்பிடுவர். கடற்பஞ்சு எடுக்க மூழ்கியோர் 1900 ஆம் ஆண்டில் அங்கே ஒரு பழைய மரக்கலத்தைக் கண்டனர். அதிலிருந்து எடுத்த பொருள்களுள் களிம்பேறிய வெண்கலக் கட்டியொன்றில் பல்லமைந்த சில்லு இருப்பது 1902 இற் கவனிக்கப்பட்டது. கிறித்துவுக்கு முன் இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பொறியில் முப்பது பற்சில்லுகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு 223 பற்கள். கிரகணங்கள் மீண்டும் அதே ஒழுங்கில் வருவதற்குச் செல்லும் சந்திரமாதங்களின் தொகையும் 223 ஆகும்! அதன் பற்களோ வெறும் முக்கோணங்கள். கையினால் மெல்லத் திருப்பி, ஞாயிறு திங்களின் நிலையைக் காட்டும் கருவிக்கு அவ்வடிவம் போதுமானது. அதனை எந்தச் சுமையும் அழுத்தவில்லை.

சங்கிலியும் புதியதன்று. றோட்ஸ் தீவில், அலெக்சாந்திரியரான டயோனீசியசு என்பார் அமைத்த அம்பெறி பொறியொன்றைக் கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டினரான பீலோ விவரித்துள்ளார். ஐம்முகக் கட்டைகளின் மேல் ஓடிய தட்டைக் கண்ணிச் சங்கிலி அதன் நாணை இழுத்து, அம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எய்ய உதவியது. பொறியை நுணுக்கமாக வருணித்த பீலோ, அதனாற் குறிப்பிடத்தக்க பயன் இல்லையென்று முடித்துவிட்டார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில், சீனத்தின் அக்காலத் தலைநகராகிய கைபெங்கில் சூ சொங் என்ற அமைச்சர் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் இன்னும் சிறந்த சான்று. நீர்ச்சில்லின் இயக்கத்தை மேலே நின்ற வானநோக்குக் கருவிக்குக் கொண்டு செல்ல முதலில் நெடிய மரத்தண்டு ஒன்றை வைத்தனர். நீண்ட தண்டு வளைந்து முறுகும் அல்லவா? பின்னர் அதனை நீக்கி, இரும்புச் சங்கிலியை ஏற்றினர். அதற்கு ‘வான் ஏணி’ என்று பெயருமிட்டனர். 1127 இல் யூர்ச்சென் படையினர் நகரைக் கைப்பற்றி அக்கோபுரத்தைப் பிரித்துக் கொண்டு சென்றனர்.

ஐரோப்பாவில் இதற்கிடையே பற்சில்லு மரத்தச்சரின் கைப்பொருளாக நெடுங்காலம் இருந்தது. காற்றாலையிலும் நீராலையிலும் மரச்சில்லில் மர முளைகளை அடித்து இறுக்கினர்; பல் தேய்ந்தால் வேறு பல் செதுக்கிப் பொருத்தினர். பல்லின் வடிவத்தைக் கணிதத்தால் ஆராயத் தொடங்கியோர் பதினேழாம் நூற்றாண்டின் அறிஞர்கள். பிரெஞ்சு நாட்டுப் பிலிப் டி லா ஹீர், உருளும் வட்டத்தின் ஒரு புள்ளி வரையும் வளைகோட்டைப் பல்லுக்குரியதாக எடுத்துக் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒய்லர் வேறொரு கோட்டை எடுத்தாராய்ந்தார். நூல் சுற்றிய ஓர் உருளையிலிருந்து நூலை விறைப்பாகப் பிடித்துப் பிரித்து வருக; நூலின் நுனி காற்றில் வரையும் கோடே அது. அவ்வடிவிற் செதுக்கிய பற்கள் ஒன்றையொன்று சீராகத் தள்ளும். அதனினும் சிறப்பு, தண்டுகள் சற்றே விலகினாலும் வேக விகிதம் மாறாமை. தேய்ந்த தாங்கிகளையும் கோணிய சுவர்களையும் உடைய உண்மையான ஆலையில் இது பேருதவி. இன்றுள்ள பொறிகளின் பற்களிற் பெரும்பாலன இக்கோட்டையே தழுவியவை.

கணிதர் தாளில் வளைகோடு வரைந்து கொண்டிருக்க, எழுத்தறிவு குறைந்த ஆலைத்தச்சர் கண்ட ஓர் உபாயம் அதற்கு இளைத்ததன்று. பெரிய சில்லுக்கு 60 பற்கள், சிறியதற்கு 20 பற்கள் என வைத்தால், சிறியதன் ஒவ்வொரு பல்லும் பெரியதன் அதே மூன்று பற்களையே வாழ்நாள் முழுவதும் சந்திக்கும். ஒன்றில் ஒரு பழுது இருந்தால், அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அறைந்து பள்ளமாக்கிவிடும். ஆகவே பெரிய சில்லுக்கு ஒரு பல்லைக் கூட்டி 61 ஆக்கினர். இப்போது ஒவ்வொரு பல்லும் மறுசில்லின் எல்லாப் பற்களையும் முறையே சந்திக்கும். பழுது எங்கும் பகிரப்பட்டுத் தேய்வு சமமாகும். தேயாமற் செய்ய இயலாதென்று உணர்ந்தவர்கள் அத்தேய்வைப் பங்கிட்டுக் கொடுத்தனர். 1786 இல் இலண்டனில் இயங்கத் தொடங்கிய அல்பியன் ஆலையில் ஜோன் றென்னி இரும்புச் சில்லுகளைப் பெருவாரியாக நிறுவினார். அதன் பின்னரும் சில ஆலைகளில் இரும்புச் சில்லில் மரப் பற்களைச் செருகும் வழக்கம் ஒழியவில்லை. ஓசை குறைவு, உடைந்தாலும் மரமே உடையும்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். பிரெஞ்சுக்காரரான அந்திரே கால் 1829 இல் ஆணியும் தகடுமாகக் கோத்த சங்கிலிக்கு உரிமை பெற்றார். பாரம் தூக்குவதற்கு அது நன்று. விரைந்து சுழல்வதற்கு ஆகாது. மான்செஸ்டரை அடுத்த சல்போர்டில் ஜேம்ஸ் சிலேற்றர் என்பார், நெசவுப் பொறிகளுக்கான சங்கிலிக்கு 1864 இல் உரிமை பெற்றார். பஞ்சாலையில் வார் சற்று வழுக்கினும் ஒரு சில்லு மற்றொன்றுக்குப் பிந்தும். நூலின் சீர் கெடும். ஆதலின் அங்கே சங்கிலிக்கு வரவேற்பு இருந்தது. ஆனால் சங்கிலிகள் விரைவில் ‘இழுபட்டன’.

சுவிற்சர்லாந்தின் ஆராவ் நகரிற் பிறந்த ஹான்ஸ் றெனோல்ட், 1873 இல் மான்செஸ்டருக்கு வந்தபோது இருபத்தொரு வயதினர். 1879 இல் அவர் சிலேற்றரின் சிறு தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார். கைக்கு வந்த சங்கிலியின் குறை எங்கே இருந்தது? அதிலே ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி, பக்கத் தகடுகளின் துளைகளுக்குள் திரும்பியது. தகடோ மெல்லியது. இழுவையின் பாரம் முழுவதும் அம்மெல்லிய விளிம்பின்மீது விழுந்தது. கத்திமுனையிற் கயிற்றை இழுத்தாற்போல ஆணி அரிபட்டது, துளையும் அகன்றது.

றெனோல்ட் 1880 இற் செய்த மாற்றம் ஒரு சிறு குழல். இரு உட்தகடுகளையும் ஒரு குழலால் இணைத்து இறுக்கினார். வெளித்தகடுகளை ஆணியால் இணைத்து இறுக்கினார். ஆணி இப்போது தகட்டின் விளிம்பிலே திரும்பாமல், குழலின் முழு அகலத்திலும் படிந்து திரும்பியது. குழலின் மேலே தன்னிச்சையாய்ச் சுழலும் உருளை ஒன்று பல்லோடு உராயாமல் உருண்டு சென்றது. அதே பாரம் பன்மடங்கு பரப்பிற் பரந்தமையால் தேய்வு குறைந்தது. குழலுக்கும் ஆணிக்கும் இடையே எண்ணெய் தங்கவும் இடமுண்டாயிற்று. ஆலைத்தச்சர் ஒரு பல்லைக் கூட்டிச் செய்ததும், றெனோல்ட் ஒரு குழலைச் செருகிச் செய்ததும் அடிப்படையில் ஒரே காரியம்.

முதலிற் கேட்ட வினாவுக்கு விடையும் இங்கேதான் உண்டு. துவிச்சக்கர வண்டிச் சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். அத்தகைய 112 கண்ணிகள் கொண்ட சங்கிலியில், ஒவ்வொரு மூட்டும் மில்லிமீற்றரிற் பத்தில் ஒரு பங்கு தேய்ந்ததாகக் கொள்க. ஒரு மூட்டைப் பார்த்தால் கண்ணுக்குத் தோன்றாது. நூற்றுப் பன்னிரண்டையும் கூட்டினால் 11 மில்லிமீற்றருக்கு மேல் வரும். தகடு நீளவில்லை, மூட்டுகளின் இடைவெளிகளே கூடி நீளமாயின. இதனைக் கருதியே சங்கிலிச் சில்லின் பல், பற்சில்லின் பல்லைப்போல் அமைவதில்லை. அடியில் உருளை அமர்வதற்கு வட்டமான பள்ளமும், மேலே சரிவான பக்கங்களும் வைப்பர். தேய்ந்த சங்கிலி பள்ளத்தை விட்டுச் சரிவில் மேலேறி, சற்றுப் பெரிய வட்டத்தில் ஓடித் தன் நீட்சிக்கு இடந்தேடிக் கொள்ளும். சரிவின் உச்சிக்கு வந்தபின் ஏற இடமின்றி நழுவுகிறது. வண்டிக்காரர் மேட்டில் இறங்கித் தள்ள நேர்வது அப்போதுதான்.

பஞ்சாலைக்காகப் பிறந்த இச்சங்கிலி தெருவுக்கு வர ஐந்தாண்டுகளே சென்றன. அக்காலத்து உயர்ந்த துவிச்சக்கர வண்டியில் மிதிகட்டை முன்சில்லிலேயே பொருந்தியிருந்தது. வேகம் வேண்டுமாயிற் சில்லைப் பெரிதாக்க வேண்டும். சில்லைப் பெரிதாக்கினாற் கால் எட்டாது. ஏறியவர் தலைகுப்புற விழுந்து காயமடைந்தமை அன்றாடச் செய்தி. கொவன்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டாலி 1885 இல் வெளியிட்ட ‘றோவர்’ வண்டியிற் சங்கிலி பின்சில்லை இயக்கியது. முன்னே 36 பற்களும் பின்னே 18 பற்களும் இருந்தால், 27 அங்குலச் சில்லு 54 அங்குலச் சில்லின் தூரத்தை ஓடும் என்பது எளிய கணக்கு. சில்லின் உயரம் காலின் நீளத்துக்குக் கட்டுப்பட்டிருந்த நிலை அத்தோடு நீங்கிற்று. நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் முதியோரும் வண்டியேறத் துணிந்தனர்.

சங்கிலிக்கு மற்றொரு குறையும் உண்டு. அது சில்லைச் சுற்றும்போது வட்டமாகச் சுற்றுவதில்லை. கண்ணிக்கு ஒரு பக்கமாகப் பல்கோணமாகவே சுற்றுகின்றது. பற்கள் குறைந்தால் பக்கங்களும் குறைந்து, இழுவை விட்டுவிட்டு அதிரும். வேகமாக ஓடும் சிறுசில்லுக்குப் பதினேழு பற்களேனும் வேண்டும் என்பது பொறியமைப்போரின் பொதுவிதி. றெனோல்ட் 1895 இல் பல்வடிவத் தகடுகளை அடுக்கிக் கோத்த ஓசையற்ற சங்கிலியையும் உருவாக்கினார்; மோட்டார் வண்டிகளின் எந்திரத்துள் அது பின்னர் இடம்பெற்றது.

அமெரிக்காவின் டேட்டன் நகரிற் துவிச்சக்கர வண்டி செய்து விற்ற றைற் சகோதரர், தம் பறக்கும் பொறியின் ஒரே எந்திரத்திலிருந்து இரண்டு சுழல்விசிறிகளைச் சங்கிலிகளாலேயே இயக்கினர். விசிறிகள் எதிரெதிர்த் திசையிற் சுழல வேண்டுமாதலின், ஒரு சங்கிலியை எட்டு என்ற இலக்கம்போல் முறுக்கி மாட்டினர். அது துள்ளாதிருக்கக் குழாய்களுக்குள் ஓடவிட்டனர். 1903 நவம்பரில் கிற்றி ஹோக் மணல்வெளியிற் சோதித்தபோது, எந்திரத்தின் அதிர்ச்சியாற் சங்கிலிச் சில்லுகள் தண்டிலே தளர்ந்து கொண்டேயிருந்தன. எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. இறுதியில் வண்டிச்சில்லின் இறப்பரை ஒட்டும் பசையைச் சூடாக்கி மரைகளுள் உருக்கிவிட்டுச் சில்லுகளை முடுக்கினர். அதன் பின் அவை அசையவில்லை. அடுத்துத் தண்டொன்று வெடித்தது. ஓர்வில் டேட்டனுக்குப் போய் உருக்குத் தண்டுகள் செய்வித்து மீண்டார். டிசம்பர் 17 ஆம் நாள் முதற் பறப்பு 12 விநாடி, 120 அடி. நான்காம் பறப்பு 59 விநாடி, 852 அடி. அப்பறப்பின் பின் நிலத்தில் நின்ற பொறியை ஒரு பெருங்காற்றுப் புரட்டியது. எந்திரத்தின் கால்கள் ஒடிந்து, சங்கிலி ஓடிய குழாய்கள் வளைந்து கிடந்தன.