வெள்ளிக்கிழமை: சில தகவல்கள்

தமிழில் வெள்ளி என்பது சுக்கிரன் எனும் கோளின் பெயர். அரபியில் ஞாயிறு முதல் வியாழன் வரையான நாட்கள் எண்களால் பெயர் பெறுகின்றன. வெள்ளியோ 'ஒன்றுகூடல்' எனும் பொருளில் ஜும்ஆ என வழங்குகின்றது. திருக்குர்ஆனின் 62ஆவது அத்தியாயத்தின் பெயரும் அதுவே. தொழுகைக்கு அழைக்கப்பட்டதும் வணிகத்தை விடுமாறும், தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று வாழ்வாதாரம் தேடுமாறும் அது பணிக்கின்றது. முழுநாள் ஓய்வை விதிக்கவில்லை.

இஸ்லாமிய மரபில் சூரிய அஸ்தமனத்துடன் நாள் பிறக்கின்றது. ஆதலால் முஸ்லிம்கள் 'வெள்ளி இரவு' என்பது பிறரது வியாழன் இரவாகும். உடப்பின் இந்துக்கள் போற்றும் பஞ்சாங்க மரபிலோ சூரிய உதயமே நாளின் தொடக்கம்.

1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை சனி, ஞாயிறிலிருந்து போயா தினங்களை ஒட்டியதாக மாற்றப்பட்டது. சந்திர மாதத்தின் கால்பங்கு சுமார் 7.4 நாட்களாதலால் விடுமுறைக்குரிய கிழமை நிலைத்திருக்கவில்லை. கற்பிட்டி, சிலாபம் கத்தோலிக்கரின் ஞாயிறு பல வாரங்களில் வேலை நாளாயிற்று. வேலைக்கும் வழிபாட்டுக்கும் இடையில் நேரம் தேடும் முஸ்லிம்களின் வெள்ளி அனுபவம் அவர்களுக்கும் வாய்த்தது. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தால் ஞாயிறு மீண்டது. பௌர்ணமி போயா பொது விடுமுறையாக நிலைத்தது.

விடுமுறையைச் சட்டம் மாற்றலாம். வழிபாட்டு நாளை மாற்றவியலாது. பல சமயத்தவர் வாழும் புத்தளம் கரையில் கூட்டத்துக்கோ பரீட்சைக்கோ நாள் குறிப்போர் அயலவரின் கிழமையையும் அறிந்திருத்தல் அவசியம்.