எண்ணூர்க் கழிமுகமும் எண்ணெய்ப் படலமும்

கொசஸ்தலை ஆறு கடலைச் சேருமிடத்தில், நன்னீரும் உப்புநீரும் ஓதத்திற்கேற்பக் கலந்து நிற்கும் எண்ணூர்க் கழிமுகம், மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் நீர்நிலையாகச் சுற்றுக் குப்பங்களுக்கு நெடுங்காலம் சோறு போட்டுவந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-இல் வெட்டப்பட்டு, பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்ற நீர்வழி, உப்பையும் விறகையும் ஏற்றிய படகுகளுக்காக உருவானது. அதே கால்வாய் பிற்காலத்தில் எண்ணெய்க்கும் வழிவிடும் என்பதை வெட்டியவர்கள் எண்ணியிருக்க முடியாது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அனல்மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும் பின்தொடர்ந்தன.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டதில், கப்பல் எரிபொருளான கன எண்ணெய் கடலில் கொட்டி எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியது. குழைந்த தார்போலக் கெட்டித்துவிட்ட அதை உறிஞ்சு இயந்திரங்களின் குழாய்கள் இழுக்க மறுத்தமையால், மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளைக் கைமாற்றி அள்ள நேர்ந்தது. கடலோரக் காவல்படையின் பொறுப்பில் 1996 முதல் எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளும் தேசியத் திட்டம் ஒன்று நடப்பிலிருந்த நாட்டில்தான் இக்காட்சி அரங்கேறியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பொழிந்தபோது கேடு எதிர்த்திசையிலிருந்து வந்தது. மணலி ஆலை வளாகத்து எண்ணெய், வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கழிமுகத்தில் பரவியது. ஆலைத் தரப்பு குழாய்க் கசிவு எதுவும் இல்லை என்றது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ எண்ணெயின் மூலம் அந்த ஆலையே என்றது, பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. எண்ணெய் பரவாமல் நீரின் மேல் வேலிபோல் கட்டப்படும் தடுப்பு மிதவை, ஓட்டம் மெதுவான நீரிலேயே பயன் தரும். வேகம் கூடினால் எண்ணெய் அதன் அடியில் நழுவிச் சென்றுவிடும். ஆகவே எண்ணெய் பரவி எங்கும் ஒட்டுவதற்கு முந்திய முதல் சில நாள்களே தீர்மானிக்கும் நாள்கள். அந்நாள்கள் கடந்து மிதவைகளும் எண்ணெய் வழிப்பான்களும் முழுவீச்சில் இறங்குவதற்குள் படலம் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் படகுகளின் விளிம்புகளிலும் வலைகளிலும் ஒட்டிவிட்டது, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்தது. சேற்றுக்குள் கனரக வண்டி இறங்காது. ஆழமற்ற நீரில் பெரிய படகு திரும்பாது. எனவே எண்ணெயை அள்ளும் வேலை, கழிமுகத்தின் ஆழமும் ஓட்டமும் அறிந்த மீனவர்களின் ஃபைபர் படகுகளையும் குவளைகளையும் பீப்பாய்களையும் மீண்டும் நாடியது. மீன்பிடி இழந்தவர்களே கூலிக்கு எண்ணெய் அள்ளினர்.

அரசு அறிவித்த நிவாரணம் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.