வரைபடத்தின் ஓரக்குறிப்பும் அறிவிப்பாளர் தொடரும்

பழைய கிதாபுகளில் மூலத்தைச் சுற்றிலும் நெருக்கமான எழுத்தில் ஓரக்குறிப்புகள் அமைந்திருக்கும். ஹாஷியா எனப்படும் அக்குறிப்புகளே பல நூல்களைப் பின்வந்த தலைமுறைகளுக்கு விளங்கச் செய்தன. இன்று பழைய வரைபடங்களுக்கும் நகரக் காட்சிகளுக்கும் அதே பணி கணினி வழியே நடைபெறுகிறது. இன்றளவும் இடம் மாறாத சில புள்ளிகளைத் தேர்ந்து, பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மீது பொருத்துவார்கள். பின்னர் ஒவ்வோர் இடத்திற்கும் குறிப்பு எழுதுவார்கள். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் இவ்வாறு பொருத்தும் பணியை 2012ஆம் ஆண்டில் பொதுமக்களிடமே ஒப்படைத்தது.

நீலகிரியில் இதற்கான மூலங்களுக்குக் குறைவில்லை. 1821இல் வார்டு என்னும் படை அதிகாரி இம்மலையை அளக்கத் தொடங்கினார். கேப்டன் ரிச்சர்ட் பாரன் 1835இல் இங்குத் தங்கி வரைந்த காட்சிகள் 1837இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. சல்லிவன் 1820களில் அமைத்த உதகை ஏரியின் பழைய எல்லையை இன்றைய வரைபடத்தில் பொருத்தினால், குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அன்று நீர்ப்பரப்பாக இருந்தமை புலப்படும்.

1831இல் திறக்கப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயம் இன்றும் அதே இடத்தில் நிற்பதால், பொருத்துவதற்கு ஏற்ற புள்ளி. பெயரை மட்டும் எழுதினால் அது ஒரு கட்டடம். அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்னும் குறிப்பைச் சேர்த்தால், 1799இன் வீழ்ச்சியும் அப்புள்ளியில் தெரிகிறது.

ஆட்சியாளர் தம் தேவைக்காக வரைந்த படங்களில் எளியோரின் தொழுகையிடமும் மையவாடியும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பும் பெயரின்றி விடுபடுவது இயல்பு. முதியோர் நினைவில் மட்டும் எஞ்சியிருக்கும் அவற்றை அவர்கள் இருக்கும்போதே குறித்துவைத்தல் நம் கடமை.

ஆயினும் குறிப்பு எழுதுதல் சாட்சி சொல்லுதலுக்கு ஒப்பானது. தோடர், படகர், கோத்தர் எனப் பலரும் வாழும் மலையில், ஆதாரமின்றி எழுதும் ஒரு பெயர் பிறர் நிலத்தின்மீது பொய்ச்சாட்சியாகிவிடும். ஹதீஸ் அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரின்றி எச்செய்தியையும் ஏற்றதில்லை. அதே ஒழுங்கு இங்கும் வேண்டும்: சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், எந்த ஆண்டின் பத்திரம் அதற்குத் துணை நிற்கிறது என்பவை ஒவ்வொரு குறிப்போடும் இடம்பெற வேண்டும். ஆவணமும் வாய்மொழியும் ஊகமும் ஒரே நிறத்தில் நிற்கலாகாது.

உறுதியற்ற இடத்தில் நம் முன்னோர் எழுதிய சொல் ஒன்றுண்டு: வல்லாஹு அஃலம். வரைபடத்தின் ஓரத்திலும் அச்சொல்லுக்கு இடமிருக்கட்டும்.