கிளிஞ்சல் பொறித்த வண்டி

பரிணாமக் கொள்கை என்றவுடன் சார்லஸ் டார்வினையும், 1859 நவம்பர் 24 அன்று வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலையும் நினைப்பதே வழக்கம். உயிர்கள் யாவும் ஒருவழி வந்த உறவினர் என்னும் எண்ணத்தைச் சார்லசின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் செய்யுளிலேயே பாடி வைத்தார் என்பது அறிவியலார்க்கு நினைவிருக்குமளவு கவிஞர்க்கு நினைவில்லை.

எராஸ்மஸ் (1731–1802) இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் மருத்துவத் தொழில் புரிந்தவர். நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், மட்பாண்டத் தொழிலில் பெயர்பெற்ற ஜோசயா வெட்ஜ்வுட் முதலியோருடன் 'திங்கள் கழகம்' என்னும் நண்பர் குழுவில் விளங்கினார். முழுநிலவை ஒட்டிய நாளில் அவர்கள் கூடுவர். இரவில் வீடு திரும்ப நிலவொளி வேண்டுமன்றோ!

1767-இல் கால்வாய்க்காக ஹேர்காசில் குன்றில் சுரங்கம் குடைந்தபோது வெளிப்பட்ட புதைபடிவ எலும்புகள் அவர் பார்வைக்கு வந்தன. எவ்விலங்கின் எலும்புகள் என்று அவரால் கூற இயலவில்லை. மூன்றாண்டு கழித்து, மூன்று கிளிஞ்சல்கள் கொண்ட தம் குடும்பச் சின்னத்தோடு, 'அனைத்தும் கிளிஞ்சல்களிலிருந்தே' என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரைச் சேர்த்துத் தம் வண்டியிற் பொறித்தார்.

அவ்வூர்ப் பேராலயக் குருவும் செய்யுள் வல்லவருமான தாமஸ் சீவார்டு வாளாவிருக்கவில்லை. படைத்தவனை மறுத்துக் கிளிஞ்சலினின்று உலகை எழுப்பும் மந்திரவாதி என்று எராஸ்மசை எள்ளி அங்கதம் பாடினார். இத்தகைய மருத்துவரிடம் வரும் நோயாளிகள் நடுங்க வேண்டியதுதான் என்றும் முடித்தார். அந்த அடி பிழைப்பின்மீதே விழுந்தது. எராஸ்மஸ் வண்டியிலிருந்த தொடரை வண்ணம் பூசி மறைத்தார். தம் நூல்களில் ஒட்டும் உரிமைச் சீட்டில் மட்டும் விட்டுவைத்தார். இதனைக் கோழைமை என்பது எளிது. நோயாளிகளை நம்பி வாழ்ந்த குடும்பத்தலைவர் வேறென்ன செய்திருப்பார்?

இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, 1794-இல், 'சூனோமியா' என்னும் உரைநடை நூலில் வாய்திறந்தார். வெப்பக்குருதி விலங்குகள் அனைத்தும் ஓர் உயிரிழையினின்று, எண்ணற்ற ஊழிகளில் கிளைத்திருக்கலாம் என்பது அவர் கருத்து. மறைவிற்குப் பின் 1803-இல் வெளிவந்த 'இயற்கையின் கோயில்' என்னும் கவிதைநூலில் உயிர் கடலிற் பிறந்து, துடுப்பும் காலும் சிறகும் பெறுகிறது.

இதற்கிடையே 1798-இல், பிற்காலத்தில் பிரதமரான ஜார்ஜ் கேனிங்கும் நண்பர்களும், எராஸ்மசின் 'தாவரங்களின் காதல்' என்னும் நூலைப் பகடிசெய்து 'முக்கோணங்களின் காதல்' பாடியிருந்தனர். அவர்தம் கவிப்புகழ் அதன்பின் சரிந்தது.

எனினும், கருத்தைக் கண்டவரே அதனை நிறுவியவர் என்பது பொருந்தாது. உயிர்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதற்குச் சான்றுகளோடு கூடிய விளக்கம் பாட்டனாரிடம் இல்லை. இயற்கைத் தேர்வு என்னும் அவ்விளக்கத்தைச் சார்லசும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலசும் தனித்தனியே கண்டனர். இருவர் கட்டுரைகளும் 1858 சூலை 1 அன்று இலண்டன் லின்னேயக் கழகத்தில் படிக்கப்பெற்றன. 'சூனோமியா'வை இரண்டாம் முறை கற்றபோது, சான்று குறைந்து ஊகம் மிகுந்திருப்பது கண்டு ஏமாற்றமுற்றதாகச் சார்லசே எழுதியுள்ளார்.

ஆயினும், உயிரின மாற்றம் குறித்து 1837 சூலையில் தொடங்கிய குறிப்பேட்டின் தலைப்பில் அவர் எழுதிய சொல் 'சூனோமியா'. அதன் 36-ஆம் பக்கத்தில்தான் உயிர்க்குல மரத்தின் முதற்கோட்டோவியம் உள்ளது. 2001-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் காணாமற்போனதாக அறியப்பட்ட அவ்வேடு, 2022 மார்ச்சில், இளஞ்சிவப்புப் பரிசுப் பையொன்றில் நூலகத்திற்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் யாரென்று தெரியவில்லை. மரம் சிதையாமல் இருந்தது.