அனுபவவழிக் கற்றல்: யாருடைய அடையாளம் பாடமாகிறது?

திண்டுக்கல் மாவட்டம் சின்னாளப்பட்டியை ஒட்டியுள்ள காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமாகத் தொடங்கி, 1976இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. மாணவர்கள் கிராமங்களில் சில நாட்கள் தங்கிக் கற்பது அதன் கல்விமுறையின் ஒரு கூறு.

களப்பயிற்சிகளில் பரவலாகக் கையாளப்படும் ஒரு முறை சமூக வரைபடம். ஊர் மக்களே தெரு, கோயில், குடிநீர்த் தொட்டி, நியாயவிலைக் கடை, சுடுகாடு ஆகியவற்றைத் தரையில் வரைவார்கள். வரைந்து முடிக்கையில் ஊர் வேறாகவும் சேரி வேறாகவும் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். சொல் நீங்கினாலும் வரைபடத்தில் இடைவெளி நீடிக்கிறது. தொட்டி ஏன் அங்கே இருக்கிறது, நம் குழு எந்தத் தெருவில் தங்கியது, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கியது என்று மாணவர்கள் கேட்டுக்கொள்ளும்போதே அது சாதி குறித்த பாடமாகிறது.

வகுப்பறையில் நடத்தப்படும் ‘சலுகை நடை’ இதற்கு மாறானது. ஆசிரியர் கேள்விகளை வாசிக்க, வாய்ப்புப் பெற்றவர் ஓரடி முன்னே செல்வார். பெறாதவர் பின்னே செல்வார். இறுதியில் தலித் மாணவி கடைசி வரிசையில் தனித்து நிற்க நேரிடலாம். மற்றவர்களுக்குப் பாடம் கிடைக்கிறது. அவருக்கோ அடையாளம் அம்பலமாகிறது.

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநில ஆசிரியை ஜேன் எலியட், வெள்ளையினக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்துப் பாகுபாட்டை உணரச் செய்தார். சிறுவர்களை அவ்வாறு வருத்தியது இன்றும் விமர்சிக்கப்படுகிறது. எனினும், பாடத்தின் சுமையை ஒடுக்கப்பட்டோர்மீது அவர் ஏற்றவில்லை என்பது கவனத்திற்குரியது.

மாணவரின் சாதியை வகுப்பில் அறிவிப்பதையும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் என முத்திரை குத்துவதையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் பாகுபாடாகக் கருதித் தடுக்கக் கோருகின்றன. சமவாய்ப்பு மையத்தையும், பேராசிரியர் நிலைக்குக் குறையாத பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரையும் அவை வலியுறுத்துகின்றன. நல்நோக்கத்தில் நடத்தப்படும் பயிற்சியிலும் இந்தக் காப்பு மாணவருக்கு உண்டு.

ஆகவே ஆசிரியர்கள் மூன்றை உறுதிசெய்ய வேண்டும். பயிற்சியில் சொந்த அடையாளத்திற்குப் பதிலாகக் கற்பனைப் பாத்திர அட்டைகள் வழங்கப்பட வேண்டும். மதிப்பெண் இழக்காமல் விலகிக்கொள்ளும் உரிமை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். கேள்விகள் மாணவரின் காயத்தை விடுத்து, அதை உண்டாக்கிய அமைப்பை நோக்க வேண்டும். இவை மறுக்கப்படும்போது எழுத்துவழி முறையிடுவது மாணவரின் உரிமை.